கராச்சுக்கு வரும் பயிலுனரும் ஒரு பழைய எஞ்சினும்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் கராச் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலையில் கடை திறந்து அரை மணித்தியாலம் ஆகியிராது, ஒரு தாயும் மகனும் கையில் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். தொழில்நுட்பக் கல்லூரியோ தொழிற்பயிற்சி நிலையமோ கொடுத்த கடிதம். "ஆறு மாதம் பயிற்சிக்கு விடவேணுமாம், அண்ணை." ஆள் குறைந்திருக்கிற நேரமென்றால் உடனே "ஓம், நாளைக்கே வரச்சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுவோம். சம்பளம் இல்லாமல் இரண்டு கை கிடைக்குதே என்ற கணக்கு. அந்தக் கணக்குத்தான் முதல் பிழை.

முதல் இரண்டு மாதமும் பயிலுனரால் வேலை குறையாது, கூடும். கை பழகிய ஒருவர் முக்கால் மணித்தியாலத்தில் முடிக்கும் சேர்விஸ், பக்கத்தில் ஒருவனுக்குக் காட்டிக் காட்டிச் செய்தால் ஒன்றரை மணித்தியாலம் இழுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாத கராச்சில் பெடியனுக்குக் கிடைப்பது தும்புத்தடியும், தேத்தண்ணிக் கடைக்குப் போய்வருவதும், ரயருக்குக் காற்றடிப்பதும்தான். ஆறு மாதம் முடிய நாட்குறிப்பில் கையொப்பம் இருக்கும், கையில் தொழில் இராது. இன்னொரு வகைக் கராச்சும் உண்டு. அங்கே முதல் நாளே வாடிக்கையாளரின் வண்டியைக் கழற்றக் கொடுத்துவிடுவார்கள். அங்கே பழுதாவது வண்டியும் பெயரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பயிலுனர் பிழை விடுவதற்கென்று ஒரு இடத்தை நாங்களே ஒதுக்கிக் கொடுப்பது. அதற்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு பழைய எஞ்சின், ஒரு பொறுப்பான ஆள். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

யார் வருகிறார்கள்?

எல்லாரும் ஒரே வகை இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இருந்து வருபவர்கள் வகுப்பறையில் சில மாதங்கள் படித்துவிட்டு வருகிறார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி வேலை செய்யும் என்று கரும்பலகையில் கீறத் தெரியும், 10 ஆம் நம்பர் ஸ்பனரையும் 11 ஐயும் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. நைற்றா என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை வழியாக வருபவருக்கு வேலைத்தலமே பள்ளிக்கூடம். அவருடைய பயிற்சியின் பெரும்பங்கு கராச்சிலேயே நடக்கவேண்டியது, ஒப்பந்தமும் இருக்கும். 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்றுறை படிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் குறுகிய காலத்துக்கு வருவார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துப் பிள்ளைகள் நல்ல கருவிகளில் பழகியவர்கள். எங்கள் கராச்சில் டோர்க் ரென்ச் (போல்ற்றைச் சரியான அளவுக்கு இறுக்கும் கருவி) இல்லையென்றால் அவர்கள் முகத்தில் தெரியும். (அதற்காகவாவது ஒன்று வாங்கி வைக்கலாம்.)

இவை எதிலும் சேராத ஒருவரும் உண்டு. சாதாரண தரம் எழுதிவிட்டுச் சும்மா நிற்கும் பக்கத்து வீட்டுப் பெடியன். கடிதமும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. வேலை பழகிவிடுவான், ஆனால் பத்து வருடம் கழித்தும் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இராது. அவனை வைத்திருப்பதாக முடிவெடுத்தால் முதல் மாதமே நைற்றாவிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ பதியவைப்பது நல்லது. ஏற்கனவே வருடக்கணக்காக வேலை செய்பவர்களுக்கும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்க வழியிருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்து காட்டிச் சான்றிதழ் பெறுவது. பயிலுனரைப் பதியப் போகிற அன்றைக்கே முதலாளியும் தனக்கு ஒரு படிவம் கேட்டு வாங்கலாம்.

வயதைக் கட்டாயம் பாருங்கள். 2021 முதல் இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்திருக்க முடியாது. 18 வயது ஆகாதவரை ஆபத்தான வேலைகளில் விடுவதும் சட்டப்படி குற்றம். பிறப்புச் சான்றிதழின் பிரதியோ அடையாள அட்டைப் பிரதியோ கோவையில் இருக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் வெல்டிங், கிரைண்டர், பெற்றோல் ராங்க் கழுவுதல் மூன்றையும் தொடவிடாதீர்கள். பார்த்துக்கொண்டு நின்றாலும் கண்ணாடி போட்டுத்தான் நிற்கவேண்டும்.

"ஓம்" சொல்ல முதல்

கடிதத்தை வாங்கி மேசை லாச்சிக்குள் போடாமல், அதில் இருக்கும் நிலையத்தின் எண்ணுக்கு அங்கேயே அழைத்துக் கதையுங்கள். கேட்கவேண்டியவை அதிகம் இல்லை. எத்தனை மாதம், கிழமைக்கு எத்தனை நாள்? இடையில் வகுப்புக்குப் போகவேண்டிய நாள்கள் உண்டா? எந்தெந்த வேலைகள் கட்டாயம் பழகவேண்டும் என்ற பட்டியல் இருக்கிறதா? மேற்பார்வைக்கு யார், எத்தனை தரம் வருவார்? கையில் காயம் பட்டால் காப்புறுதி யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பதிலை வாய்ச்சொல்லாக எடுக்காதீர்கள், கடிதத்தில் வாங்குங்கள். அது எழுத்தில் இல்லாவிட்டால் காயம் பட்ட அன்றைக்கு எல்லாரும் எல்லாரையும் கைகாட்டுவார்கள்.

பிறகு வீட்டாரோடு கதைக்க வேண்டும். எங்கேயிருந்து வருகிறான்? கோண்டாவில், மானிப்பாய் என்றால் சைக்கிளிலேயே வந்துவிடலாம். வேலணை, ஊர்காவற்றுறை என்றால் பஸ் நேரத்தைப் பொறுத்துத்தான் காலையும் பின்னேரமும் அமையும். "எட்டு மணிக்கு வா" என்று சொல்லி, முதல் பஸ்ஸே எட்டேகாலுக்குத்தான் பட்டணத்துக்கு வருமென்றால் அந்தப் பெடியன் ஆறு மாதமும் பிந்தி வந்தவன் என்ற பெயரோடுதான் போவான். நெடுந்தீவுப் பிள்ளைக்கு நிலைமை வேறு. குறிகாட்டுவானுக்குப் படகில் வந்து, பிறகு பஸ் ஏறவேண்டும். ஒவ்வொரு நாளும் அது சரிவராது. பட்டணத்தில் உறவுக்காரர் வீடு இருக்கிறதா என்பதை முதலே கேட்டுவிடவேண்டும்.

காசு விசயத்தைப் பலர் கதைக்காமல் விடுவார்கள், மூன்றாம் கிழமை பெடியன் வராமல் நிற்பான். அரசாங்கக் கொடுப்பனவு வருமென்றாலும் முதல் மாதக் கடைசியில் வருமென்று நம்பியிருக்கமுடியாது. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் முதல் நாளிலிருந்தே கராச்சின் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. கைச்செலவுக்கு ஒரு தொகை கொடுப்பதென்றால் சனிக்கிழமை தோறும், ஒரே அளவாகக் கொடுங்கள். வண்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அவன் வேகத்தைப் பழகுவான், வேலையைப் பழகமாட்டான்.

தொடங்கும் நாளையும் பார்த்துப் போடவேண்டும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின கிழமை புதியவரை எடுப்பது வீண், யாருக்கும் தலை நிமிர நேரம் இராது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் பூட்டப்படும், கராச் அந்தப் பக்கம் என்றால் வேலை படுத்துவிடும். புதியவருக்கு மேசை வேலை பழக்க அது நல்ல காலம். ஐப்பசி கார்த்திகை மழைக்குள் காபரேற்றருக்குள் தண்ணி, பிரேக் பிடிக்கவில்லை, ஸ்ராட் இல்லை என்று வண்டிகள் வரிசையில் நிற்கும். மூன்று நாலு மாதம் பழகிய பிள்ளைக்குப் பழுது தேடிப் பிடிக்கக் கற்க அதைவிட நல்ல பருவம் இல்லை. ஆனி ஆடியில் எடுத்தால் கணக்குச் சரியாக வரும்.

எத்தனை பேரை எடுக்கலாம்? கை பழகிய இரண்டு பேர் உள்ள கராச்சுக்கு ஒரே நேரத்தில் ஒரு பயிலுனர், மிஞ்சினால் இரண்டு. தனி ஆளாக நடத்துபவர் எடுக்காமல் விடுவதே நல்லது. அவர் சாமான் வாங்கக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் போனால் கடையில் நிற்பது பயிலுனர் மட்டும்தான். இல்லையென்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் நாள்

உடுப்பிலிருந்து தொடங்குங்கள். செருப்போடு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, மூடிய சப்பாத்து வேண்டும். விழும் வண்டியின் ஸ்ராண்ட் நேரே கால் விரலில்தான் இறங்கும். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் கழற்றவேண்டும். பற்றரியின் பொசிற்றிவ் முனைக்கும் சட்டகத்துக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் அது ஒரு நொடியில் பழுக்கக் காயும், விரலிலிருந்து கழற்றவும் முடியாது. கோயிலில் கட்டின நூலைக் கழற்று என்று சொன்னால் பிள்ளையின் வீட்டில் மனவருத்தம் வரும், நூல் தொங்கிக்கொண்டிருந்தாலோ செயினில் சிக்கும். அதற்கு ஒரு நடுவழி: நூலை மேலே தள்ளிவிட்டு, துணிப் பட்டியாலோ இறுக்கமான நீளக்கை உடுப்பாலோ மூடவேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தலைமயிரை உயர்த்திக் கட்டுவதும் சால்வை இல்லாமல் வருவதும் முன்கூட்டியே சொல்லப்படவேண்டும், வந்தபிறகு எல்லார் முன்னாலும் சொல்லக்கூடாது.

பிறகு கராச்சைச் சுற்றிக் காட்டுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, ட்ரிப் சுவிட்ச் எது, தீயணைப்பான் எங்கே தொங்குகிறது, மண் வாளி எங்கே, பெற்றோல் கான் எங்கே மட்டும் வைக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990 என்பதைச் சுவரில் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே கராச்சின் முகவரியையும் எழுதிவையுங்கள். பதற்றத்தில் நிற்கும் புதியவருக்கு "எந்த இடம்?" என்ற கேள்விக்குப் பதில் வாயில் வராது. எது எங்கே என்று பின்னேரம் அவனையே காட்டச் சொல்லுங்கள்.

தடைகள் அதிகம் வேண்டாம், ஆனால் சொன்னதில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைப்பது அல்லது ஒயில் விடுவது கிடையாது. கராச்களில் விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான்: வண்டியைச் சென்ரர் ஸ்ராண்டில் விட்டு, கியர் போட்டு, சில்லு சுத்தச் சுத்தத் துணியைப் பிடிப்பார்கள். துணி சிக்கினால் விரலையும் ஸ்புறொக்கட்டுக்குள் (செயின் ஓடும் பற்சில்லுக்குள்) இழுக்கும். அனுபவப்பட்ட ஆள்களே செய்வதால் புதியவரும் பார்த்துச் செய்வார். ஆகவே தடை முதலில் எங்களுக்குத்தான். எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, சில்லைக் கையால் சுத்தவேண்டும். கொம்பிறசர்க் காற்றை உடம்பிலோ உடுப்பிலோ பிடிப்பது, பிரேக் ட்றம்மைக் காற்றால் ஊதுவது, பெற்றோலில் கை கழுவுவது, இவையும் தடை. பிரேக் தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும். லைசன்ஸ் இல்லாத பயிலுனர் வாடிக்கையாளரின் வண்டியில் ஏறுவது அறவே தடை, மூலைக் கடைக்கு வடை வாங்கவும் இல்லை. அந்த வண்டி எங்கேயாவது மோதினால் காப்புறுதியும் கைகொடுக்காது, வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார்.

மேசையில் ஒரு செத்த எஞ்சின்

பழைய 100 சிசி எஞ்சின் ஒன்றை இரும்புக் கடையில் எடுத்துவிடலாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே எல்லாச் சாமானும் இருக்கவேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் மீண்டும் திறக்கும்வரை ஊரில் இருந்த வண்டிகளே திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன. அதனால் எஞ்சின் இறக்குகிற வேலை சின்னக் கராச்களுக்கும் சாதாரணமாகிவிட்டது. அந்த வேலைக்குப் பெடியனை மேசையில்தான் தயார்படுத்தவேண்டும்.

முதல் கிழமை வண்டியைத் தொடவேண்டாம். 8, 10, 12, 14, 17 ஸ்பனர்களைப் பார்த்தவுடன் எடுக்கப் பழகட்டும். கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்றால் கீறிவைத்தால், பின்னேரம் எது குறைகிறது என்று அவனே கண்டுபிடிப்பான். பிறகு எஞ்சினைக் கழற்றவேண்டும்.

இங்கே ஒரு சின்ன வேலை பெரிய பயன் தரும். கிளச் கவரைக் கழற்ற முதல் ஒரு மட்டையில் அந்தக் கவரின் உருவத்தைக் கீறச்சொல்லுங்கள். ஒவ்வொரு போல்ற்றையும் கழற்றியவுடன் மட்டையில் அதே இடத்தில் குத்திவைக்கட்டும். ஏனென்றால் அந்தப் போல்ற்றுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் கட்டையான துளைக்குள் விட்டு முறுக்கினால் அடியில் முட்டி, உலோகம் வெடிக்கும். கட்டையானதை ஆழமான துளைக்குள் விட்டால் இரண்டு மூன்று புரிதான் பிடிக்கும், இறுக்கும்போது புரி கழன்று வரும். எல்லாப் போல்ற்றையும் ஒரே தகரத்துக்குள் போட்ட புதியவர் கராச்சில் செய்யும் முதல் சேதம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதே எஞ்சினில் பிளக் பூட்டப் பழக்குங்கள். அலுமினிய ஹெட், இரும்பு பிளக். கோணலாக ஏற்றி ஸ்பனரால் முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். முதல் நாலைந்து சுற்றும் விரலால் மட்டும், விரலால் போகவில்லை என்றால் கழற்றித் திரும்ப ஏற்றவேண்டும். அடியில் இருந்தபிறகு புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையதைத் திரும்பப் பூட்டினால் காற்சுற்றுக்கும் குறைவு. ஒரு தரமாவது வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சி முறுக்கிப் புரி போகும்வரை செய்யவிடுங்கள். புரி விடும் அந்தக் கணத்தில் ஸ்பனர் திடீரென்று இளகும். அதைக் கையால் அறிந்தவன் அதற்கு ஒரு கணம் முன்னாலேயே நிறுத்தப் பழகுவான். வாடிக்கையாளரின் வண்டியில் இந்தப் பாடத்தின் விலை ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோகும் செலவு.

எஞ்சினை மூன்று தரம் முழுதாகக் கழற்றிப் பூட்டவேண்டும். முதல் தரம் சொல்லச் சொல்ல, இரண்டாம் தரம் அவன் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க, மூன்றாம் தரம் தனியே. மூன்றாம் தரம் மேசையில் ஒரு வாசர் மிஞ்சியிருந்தால் நாலாம் தரம்.

வண்டிக்குப் போவது

மூன்றாம் கிழமையளவில் சேர்விஸ் தொடங்கலாம். ஒயில் மாற்றுவது எளிது என்று நினைப்பதால் அதிலேதான் கவனம் தவறும். எஞ்சினை மூன்று நாலு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி முழுதாக வடியும். கனநேரம் ஓடின வண்டியென்றால் ஆறவிடவேண்டும், இல்லையென்றால் கை வேகும். வடிபோல்ற்றைக் கழற்றியதும் வாசர் அதோடு வந்ததா, எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று பார்க்கவேண்டும். புது வாசரைப் பழையதன் மேலேயே போட்டு இறுக்கினால் ஒழுகும். போல்ற்றைப் பூட்டியாயிற்று என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் புது ஒயில் போத்தலைத் திறக்கவேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் புது ஒயில் நேரே தட்டுக்குள் வடிவதைப் பார்க்காத கராச் இல்லை. 100 முதல் 150 சிசி வண்டிகள் பலவற்றுக்கு ஒரு லீற்றர் அளவில் போகும், ஆனாலும் வண்டிக்குரிய அளவைக் கைநூலில் பார்த்துச் சுவரில் எழுதிவையுங்கள். அளவுகோலைப் பார்க்கும்போது வண்டி நேராக நிற்கவேண்டும், பல மொடல்களில் கோலை முறுக்காமல் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

செயின் இறுக்கத்தில் எல்லாப் புதியவர்களும் ஒரே பிழைதான் விடுவார்கள், மிஞ்சி இறுக்குவார்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் சாதாரணமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும். சில்லைச் சுத்தி மூன்று நாலு இடத்தில் பார்த்து, எங்கே ஆகக் கூடுதலாக இறுகியிருக்கிறதோ அங்கே அந்த அளவை வைக்கவேண்டும். குருநகர், காரைநகர்ப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் சில கண்ணிகள் பிடித்துப்போயிருக்கும். அப்படியான செயினை அட்ஜஸ்ற் பண்ணுவதில் பயனில்லை என்பதையும் அவனே தடவிப் பார்த்து அறியட்டும்.

இரண்டாம் மூன்றாம் மாதத்தில் பிரேக் சூ, கேபிள், சில்லு பெயாரிங். டிஸ்க் பாட் மாற்றினால் லீவரைத் திரும்பத் திரும்ப அமத்திப் பாட் வட்டில் முட்டுகிறதா என்று பார்த்தபிறகுதான் வண்டியை அசைக்கவேண்டும். மறந்தால் வாசல் தாண்டும்போதே பிரேக் இராது. பற்றரி கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசி. மீற்றரால் பார்த்தால் ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும், எஞ்சினை வேகம் கூட்டி ஓடவிட்டால் 13.5 க்கும் 14.5 க்கும் இடையில். நாலாம் மாதத்திலிருந்து காபரேற்றர், கிளச், வால்வ் இடைவெளி. வால்வ் இடைவெளியை ஆறின எஞ்சினில்தான் பார்க்கவேண்டும் என்பதற்காக அந்த வண்டியை முதல் நாள் பின்னேரமே எடுத்து வைக்கவேண்டும். அதையும் பயிலுனரே வாடிக்கையாளருக்குச் சொல்லி நேரம் குறிக்கட்டும்.

பயிலுனர் தொட்ட வண்டி இன்னொருவர் பார்க்காமல் வாசல் தாண்டக்கூடாது. பிரேக், அச்சு நட், வடிபோல்ற், ஹான்டில். பார்த்தவர் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடவேண்டும், கோடு நட்டிலும் சட்டகத்திலும் சேர்ந்தாற்போல் விழவேண்டும். அடுத்த சேர்விஸுக்கு வண்டி வரும்போது கோடு விலகியிருந்தால் நட் இளகியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

யார் சொல்லிக் கொடுப்பது?

முதலாளி இல்லை. முதலாளியை மற்றவர்கள் மணிக்கு இருபது தரம் கூப்பிடுவார்கள். ஆகப் பழைய பாஸும் (கைதேர்ந்த மூத்த மெக்கானிக்கும்) எப்போதும் பொருத்தமில்லை. யாழ்ப்பாணத்து மூத்த பாஸ்மார் பலர் தொழில் பழகியது தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள். ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவைத்தவர்கள். அவர்களுக்குக் காதாலேயே பழுது தெரியும். "ரப்பட் சத்தம், பார்" என்பார். எந்தச் சத்தம், மற்றச் சத்தத்திலிருந்து அது எப்படி வேறு என்று கேட்டால் ஏச்சு விழும். அவர் மறைக்கவில்லை, அவருடைய கைக்குத் தெரிந்தது வாய்க்கு வருவதில்லை. இரண்டு மூன்று வருடம் பழகிய இளம் மெக்கானிக்குத் தான் எங்கே தடுமாறினான் என்பது இன்னும் நினைவிருக்கும். அன்றாடப் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் மூத்தவரிடம் உட்காரவையுங்கள். நல்ல வண்டி ஒன்றையும் பழுதான ஒன்றையும் பக்கத்தில் விட்டு இரண்டையும் ஸ்ராட் பண்ணினால் அவரும் சொல்வார், அவனுக்கும் விளங்கும்.

"விளங்கினதோ?" என்று கேட்காதீர்கள். எந்தப் பெடியனும் ஓம் என்றுதான் சொல்வான். "இப்ப என்ன செய்யப்போறாய், முதல்ல சொல்லு தம்பி" என்று கேட்டால் விளங்காத இடம் அவன் வாயிலேயே வெளிவரும், ஸ்பனர் இன்னும் நட்டைத் தொட்டிராது.

ஏச்சு எதற்கு என்பதையும் முதலே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முறித்ததற்கு ஏசினால் அடுத்த முறை முறிந்ததை மறைப்பான். புரி போன வடிபோல்ற்றைத் துணியால் துடைத்து, பசை பூசி, இறுக்கினமாதிரி வைத்துவிடுவான். அந்த வண்டி ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டும்போது ஒயில் முழுதும் வடிந்து எஞ்சின் இறுகிப்போய் நிற்கும். உடனே சொல்லியிருந்தால் ஒரு அளவு கூட்டிப் புரி வெட்டுவதோடு முடிந்திருக்கும். ஆகவே முறித்துவிட்டு உடனே வந்து சொன்னால் ஏச்சில்லை, மறைத்தால் வீட்டாரைக் கூப்பிடுவோம் என்று முதல் நாளே சொல்லி, முதல் முறிவில் அந்த வாக்கைக் காப்பாற்றவேண்டும். வாடிக்கையாளர் முன்னால் ஏசுவது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவது குறைவு, ஆனால் வருகிறார்கள். உள்ளே கொண்டி போடக்கூடிய கழிப்பறை, இருட்ட முதல் வீட்டுக்குப் போகும் நேரம், பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாம் என்ற உறுதி. இந்த மூன்றும் இல்லையென்றால் எடுக்காதீர்கள். எடுத்தால் பில் எழுத உட்காரவைக்காதீர்கள், எழுதவா வந்தாள்?

நாட்குறிப்பு

கராச்காரர் ஆகக் குறைவாக மதிக்கும் சாமான் இதுதான். "இன்று சேர்விஸ் செய்தேன்" என்று நூற்றைம்பது நாளும் ஒரே வரி. கடைசிக் கிழமை ஒரே இருப்பில் எல்லாப் பக்கத்துக்கும் கையொப்பம். மதிப்பீட்டுக்கு வருபவர் அதைத் திறந்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். ஒரே பேனை, ஒரே மை. என்.வி.கியூ. மதிப்பீட்டில் பார்ப்பது செய்யத் தெரியுமா தெரியாதா என்பது. செய்து காட்டச் சொல்வார்கள், ஏன் அப்படிச் செய்தாய் என்றும் கேட்பார்கள். நாட்குறிப்பை ஒழுங்காக எழுதியவனுக்கு "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும்.

வேலை முடிய பத்து நிமிடம் முதல் கை கழுவச்சொல்லி எழுதவிடுங்கள். வீட்டில் எழுதுவான் என்று விட்டால் எழுதமாட்டான். நாலு விசயம் போதும்: வாடிக்கையாளர் என்ன குறை சொன்னார் (அவர் சொன்ன வார்த்தையிலேயே), என்ன பழுது கண்டோம், என்ன செய்தோம், எந்த அளவுக்கு வைத்தோம். "மழைக்குள் போனால் நிண்டுபோகுது என்றார். காபரேற்றர்க் கிண்ணத்தில் தண்ணி. பெற்றோல் ராங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. ராங்க்கை வடித்து, ரப்பர் மாற்றி, கிண்ணத்தையும் ஜெற்றையும் கழுவிப் பூட்டினோம்." இப்படி ஒரு பக்கம் இருபது வெறும் வரிக்குச் சமம். வண்டி இலக்கத்தையும் வாடிக்கையாளரின் பெயரையும் எழுதவேண்டாம், அந்தப் புத்தகம் வெளியே போகும். வெள்ளிக்கிழமை தோறும் பொறுப்பானவர் வாசித்துவிட்டுக் கையொப்பம் போடட்டும். செய்யாத வேலைக்குக் கையொப்பம் கேட்டால் போடாதீர்கள். பட்டியலில் இருக்கும் வேலை எங்கள் கராச்சில் வருவதே இல்லையென்றால், உதாரணத்துக்கு எரிபொருள் இன்ஜெக்சன் வண்டிகள், அது உள்ள கராச்சுக்கு இரண்டு கிழமை அனுப்பிவைக்கலாம். நிலையத்துக்கு அறிவித்துவிட்டால் அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

தொலைபேசி பெரிய தலையிடி. முழுதாகத் தடை செய்தால் கழிப்பறைக்குள் போய்ப் பார்ப்பான். மேசையில் ஒரு பெட்டி வைத்து, தேத்தண்ணி நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் எடுக்கலாம் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். கழற்ற முதல் படம் எடுப்பதற்கு மட்டும் இடையில் எடுக்கலாம். வயர் எங்கே போனது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. வண்டி இலக்கம் தெரியும் படம் இணையத்தில் போகக்கூடாது.

"பழக்கிவிட்டால் பக்கத்திலேயே கடை போடுவான்" என்று சொல்லி எடுக்காதவர்கள் உண்டு. போடுவார்கள்தான். வெளிநாடு போகிற பெடியளும் உண்டு, நாலாம் மாதத்தில் விசா வந்து அடுத்த நாளே காணாமல் போவார்கள். பக்கத்தில் கடை போட்டவன் தன்னால் இயலாத எஞ்சின் வேலையை யாரிடம் கொண்டுவருவான் என்று யோசித்தால் அந்தப் பயம் பாதியாகும். மீதிப் பாதி இந்தத் தொழிலோடு கூடப்பிறந்தது.

கடைசி நாள் கொடுக்கும் கடிதத்தில் "நல்லவர், வல்லவர்" என்று எழுதுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. தொடங்கிய திகதி, முடித்த திகதி, வந்த நாள்களின் எண்ணிக்கை, தனியே செய்யக்கூடிய வேலைகள் எவை, மேற்பார்வையோடு செய்யக்கூடியவை எவை என்று எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் இருப்பதால்தான் முதலாவதை வாசிப்பவர் நம்புவார். கடிதத்தில் போடும் தொலைபேசி எண் மாறாத எண்ணாக இருக்கட்டும், ஒரு பிரதியைக் கோவையில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கட்டாரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாரோ அழைத்து, இந்தப் பெடியனுக்குக் கிளச் வேலை தெரியுமா என்று கேட்பார். அப்போது பெயர் நினைவிருக்கும், எந்த வேலையைத் தனியே செய்தான் என்பது நினைவிராது. கோவையைத் திறந்து பார்த்துச் சொல்லவேண்டும்.